தேவசகாயம் வீட்டுச் சோடா

காஞ்சிபுரம்,
15-5-1974

அன்பு மகன் அர்ஜுனனுக்கு அப்பா ராமலிங்கம் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். லண்டன் மழையில் நீயும் மேரியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ எழுதியபடி, மேரி வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன். போன காரியத்தைச் சொல்லும் முன், என் வெள்ளைச் சட்டை ரோஸ் கலரில் வீடு திரும்பியதைச் சொல்லிவிடுகிறேன். "பொண்ணு கேக்கப் போனீங்களா, சாயப் பட்டறைக்குப் போனீங்களா?" என்று கேட்டாள் உன் அம்மா. துவைத்தும் கறை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கத்திரி வெயிலில், நம் வாடகை சைக்கிள் கடையிலேயே நல்ல வண்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, நம் சொந்த ஊர்க் காலனிக்குப் போனேன். நம் பழைய வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். இந்த வயதில்தான் முதல் தடவையாக அங்கே கால் வைத்தேன். நீயும் மேரியும் ஒருவரை ஒருவர் பார்க்க, நீ படிப்புக்கும் அவள் நர்ஸ் வேலைக்கும் லண்டன் வரை போக வேண்டியிருந்ததே என்று சிரிப்பு வந்தது.

மேரியின் அப்பா தேவசகாயம், பஸ் டிப்போவில் மெக்கானிக், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி இந்திராணி மூலையில் இருந்த குடத்துப் பக்கம் போனார். தேவசகாயம் கண்ணைக் காட்டினார். அந்த அம்மாள் குடத்தை விட்டுவிட்டு, முனைக் கடைக்குப் போய் ஒரு கலர் சோடா வாங்கி வந்தார். "கடையில வாங்கினதுங்க. கோலிக் குண்டைக்கூட நாங்க தொடல. நீங்களே தள்ளிக்குங்க" என்றார் தேவசகாயம். கட்டைவிரலால் தள்ளினேன். வாய்க்குள் போனது பாதி, சட்டைக்குப் போனது பாதி.

அப்புறம் என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு எட்டிய வரை உன் ஆராய்ச்சியை விளக்கினேன். ஒரே தீவில் இரண்டு ஜனங்கள் அடித்துக்கொள்கிறார்கள்; அவர்கள் சேர்ந்து இருக்க எப்படிச் சட்டம் எழுதுவது என்று என் பிள்ளை பார்க்கிறான்; சின்னக் கூட்டம் சம்மதிக்காமல் பெரிய கூட்டம் முக்கியமான எதையும் செய்ய முடியாது, என்றேன். அந்த வேகத்திலேயே நம் வீட்டுக்கும் சட்டம் சொன்னேன். மேரி சர்ச்சுக்குப் போகலாம், பேரை மாற்ற வேண்டாம், பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு வீடும் சேர்ந்து பேர் வைக்கலாம். எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாம் சரிங்க. சொன்னபடி நடக்கலன்னா எம்பொண்ணு யாருகிட்ட போய்ச் சொல்லும்?" என்றார். நான் மார்பைத் தட்டி, "எங்கிட்ட" என்றேன். தட்டிய இடம் பிசுபிசுத்தது. அவர் என் காலடியில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழம சொல்றேங்க" என்றார்.

பெண் கொடுப்பாரோ மாட்டாரோ, தெரியவில்லை. நாம் சம்மதிப்பதுதான் பெரிய விஷயம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சோறு போடும்போது உன் அம்மா, "அந்த ஊட்ல கொடத்துல தண்ணி இருந்திச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். கேட்டு வாங்கிக் குடிக்கவில்லையா என்றாள். தாகம் இல்லை என்றேன். அந்த வெயிலில் சைக்கிள் மிதித்தவன் சொல்கிற பேச்சா இது? அவள் மேற்கொண்டு கிளறவில்லை. "ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்று மட்டும் சொன்னாள். சோடாவைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

இதை மேரிக்கும் படித்துக் காட்டு. சட்டையை நினைத்து அவள் சிரித்தால் சிரிக்கட்டும். இருவரும் நல்லபடி வாழ வேண்டும்.

அன்று அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது தொண்டை வறண்டிருந்தது. வாசலில் நின்று சைக்கிள் பெல்லைச் சும்மா இரண்டு தடவை அடித்தேன். இந்திராணி அம்மாளிடம் கேட்க வாயெடுத்துக் கேட்காமல் வந்துவிட்டேன்: "அம்மா, அந்தக் கொடத்துத் தண்ணி ஒரு சொம்பு குடுங்க."

உன் அப்பா,
ராமலிங்கம்