போலாமா என்று கேட்ட குரலுக்கு

என் அன்பு ஆரோக்கியம் அண்ணாவுக்கு,

ஏரி நிரம்பிவிட்டது. முதலில் இதைத்தானே கேட்பீர்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்ட சில நாட்களிலேயே கிழக்குக் கரை வரைக்கும் ஏறிவிட்டது. துவாக்குடி பஸ்ஸில் போகும்போது ஜன்னலிலிருந்தே தெரிகிறது. காற்றும் வந்தாயிற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த மாமியாரின் ஒன்பது கஜப் புடவை பறந்துபோய் மூன்றாவது வீட்டில் கிடைத்தது.

நீங்கள் இல்லாத முதல் ரேஸ் முடிந்துவிட்டது அண்ணா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மாசி மாதம் லேசாக நெஞ்சு வலிக்கிறது என்று நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவர், அப்படியே போய்விட்டீர்கள். தண்ணீரில் போயிருந்தால் ஏரியையாவது கோபித்துக்கொண்டிருப்பேன். இப்போது யாரைக் கோபித்துக்கொள்வது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம்மைத் தெரியாது. நாம் ஒன்றும் கப்பலோட்டிகள் இல்லை. ஒரு பல் டாக்டர், டயர் கடை பஷீர், இஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகள் சிலர், பாய்லர் இஞ்சினியரான நீங்கள், கெமிஸ்ட்ரி டீச்சரான நான். கடல் இல்லாத ஊரில் கார் ஷெட்டில் உட்கார்ந்து பிளைவுட்டை வளைத்துச் செய்த ஐந்து பாய்மரப் படகுகள். மூன்று மஞ்சள் கேன்களை மிதக்கவிட்டு, காற்றை மட்டும் நம்பி அவற்றைச் சுற்றி வருகிற பந்தயம். கரைக்கு வந்ததும் யார் யாருக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று வடைகளைப் படகுகளாக இலையில் நகர்த்தி வைத்துச் சண்டை. வழக்கு முடிவதற்குள் உங்கள் படகை யாராவது தின்றுவிடுவார்கள்.

"காவேரியில புது வெள்ளம் வந்தா எல்லாரும் தீர்த்தமாடுவா. நம்மாத்து மாட்டுப்பொண்ணு ஏரியில போய்க் கவுந்துட்டு வரா" என்று என் மாமியார் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

நான் அந்த ஏரிக்குப் பறவை பார்க்க வந்தவள். கழுத்தில் பைனாகுலரோடு நின்றவளிடம் வந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அன்றைக்கு உங்களோடு வர வேண்டிய ஆள் வரவில்லை, உங்கள் உடம்புக்கு ஈடாக ஒல்லியான ஒருவர் வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அதற்குள் படகில் ஏற்றிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து நான் முன்னால், நீங்கள் பின்னால். சிறிய பாயின் கயிறு என் கையில், பெரிய பாயும் சுக்கானும் உங்கள் கையில். யோசித்துப் பார்த்தால், படகில் உங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. உங்கள் குரலைத்தான் எனக்குத் தெரியும்.

எந்தப் படகும் காற்றுக்கு நேரெதிரே போகாது. இடம், வலம் என்று திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பக்கம் மாற வேண்டும். ஒருவர் பிந்தினாலும் பாய்க் கட்டை மண்டையில் இடிக்கும். அதனால் பின்னால் இருப்பவர் முன்கூட்டியே குரல் கொடுப்பார். மற்ற படகுகளில் இங்கிலீஷில் என்னென்னவோ கத்துவார்கள். நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புகிற மாதிரி கேட்பீர்கள்: "போலாமா தங்கச்சி?" "போலாம்ணா" என்பேன். படகு திரும்பும்.

பிலோமினா அண்ணியைப் பார்க்க மேலப்புதூர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷெட்டில் படகு, மேலே உங்கள் பழைய போர்வை. சென்னையில் யாரோ படகை விலைக்குக் கேட்கிறார்களாம்.

"காரை எடுக்கப் போறப்பல்லாம் அது கண்ணுல படுது. சும்மா பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியல கோதை" என்றார் அண்ணி. "ஓடுச்சுன்னா நீ வெச்சுக்க. ஓடலைன்னா போகட்டும், விட்டுரு."

ஆடிக் கடைசி ஞாயிறு ரேஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். நான் சுக்கான் பிடித்ததே இல்லை என்பது அண்ணிக்குத் தெரியாது. பஷீர் முன்னால் உட்காருவதாக ஏற்பாடு.

அன்றைக்குக் காற்று பேயாக அடித்தது. பஷீர் டெம்போவிலிருந்து படகை இறக்கும்போதே மணிக்கட்டைப் பிசக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் எடைக்கு அந்தக் காற்றில் தனியாகப் போனால் முதல் கேனுக்கு முன்பே தலைகுப்புறத்தான். அண்ணி சர்ச்சில் காலைப் பூசை முடித்து நேராக வந்து, கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தார். வேறு வழி தெரியவில்லை. போய்க் கேட்டேன்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?"

முறைத்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார். "நான் தொட்டியத்துக்காரி, காவேரிக் கரையில வளந்தவ. உங்கண்ணன் மாதிரி முழங்கால் தண்ணிக்கெல்லாம் பயப்படுற ஆளுன்னு நினைச்சியா?" உங்கள் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைத் தவிர வேறெதுவும் அவருக்குச் சேரவில்லை. அதை மாட்டிக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினார். ஏறும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தனை வருஷத்துல அவர் ஒரு தடவை கூட என்னைக் கூப்பிட்டதில்ல."

ஏன் அண்ணா கூப்பிடவில்லை? இரண்டு பேரும் கனமானவர்கள், படகு இழுக்காது என்றா? ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓய்வு என்றா? அல்லது தோன்றவே இல்லையா? எதைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். இப்போது மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன்.

ரேஸ் தொடங்க, பஷீர் கரையிலிருந்து இடது கையால் ஹாரனை அடித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே கிளம்பினோம். கயிற்றை இழுங்க என்றால் அண்ணி இழுத்தார், அதுவும் எப்படி, கிணற்றில் வாளி இழுத்த கை. படகு சாயச் சாய அவர் வெளிப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பல் டாக்டரைத் தாண்டினோம். சுக்கான் என் உள்ளங்கையில் துடித்தது. எனக்கு எல்லாம் வரும் என்று தோன்றிவிட்டது.

எதிர்க்கரைக் கோரை நெருங்கியது. திரும்ப வேண்டிய இடம் எனக்குத் தெரியும். அங்கே உங்களோடு எத்தனை முறை திரும்பியிருக்கிறேன். தலையைத் தயாராகக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். கோரை இன்னும் நெருங்கியது. இன்னும் காத்திருந்தேன்.

"கோதை, கரை வருதே" என்றார் அண்ணி.

படகு சரசரவென்று கோரைக்குள் போய்ச் சேற்றில் நின்றது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லாப் படகுகளும் எங்களைத் தாண்டிப் போயின. சுக்கானைக் கையில் பிடித்துக்கொண்டே, பின்னாலிருந்து குரல் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் தண்ணீர்தான் இருந்தது.

"என்ன ஆச்சு?"

"அண்ணா சொல்லுவார்னு இருந்துட்டேன் அண்ணி."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. உங்கள் அடக்கத்தன்றைக்குக்கூட வராத அழுகை.

"நானுந்தான்" என்றார் அண்ணி. "டிவியை அலற விட்டுட்டு உக்காந்திருக்கேன். சவுண்டைக் குறைன்னு உள்ளேருந்து சொல்லுவாருன்னு. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். நல்ல புடவை, பூசைக்குக் கட்டியது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு; படகு சேற்றிலிருந்து கழன்றது. படகின் மூக்கைத் திருப்பிவிட்டு, ஜாக்கெட்டிலிருந்து தண்ணீர் வழிய ஏறி உட்கார்ந்தார். காற்று பாயில் நிறைந்தது. அடுத்த திருப்பம் வந்தது.

எனக்கு வேறு வார்த்தை தெரியாது. "போலாமா அண்ணி?" என்றேன்.

"எங்க?" என்றார் அண்ணி, திரும்பாமல்.

விளக்கினேன். போலாமா என்றால் படகு திரும்பப் போகிறது, குனிந்து அந்தப் பக்கம் மாற வேண்டும், அதற்கு முன் பதில் சொல்ல வேண்டும்.

"இதைத்தான் ஞாயித்துக்கிழமையானா உன்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தாரா?"

"ஆமா அண்ணி."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. முன்னால் உட்காருபவரின் முகம் பின்னால் இருப்பவருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. நீங்களும் என் முதுகைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சரி, போலாம்" என்றார் அண்ணி.

கடைசியாகத்தான் வந்தோம், ரொம்பக் கடைசியாக. நம் வழக்கப்படி கடைசிப் படகு வரும்வரை யாரும் இலையில் கை வைக்கவில்லை. முதலில் வந்தவருக்கு அடித்த அதே ஹாரனை பஷீர் எங்களுக்கும் அடித்தார். கோரைக்குள் போய் நிற்பதற்கு விதியில் என்ன தண்டனை என்று பல் டாக்டர் வடையை நகர்த்தி ஆரம்பித்தார். அண்ணி அந்த வடையை எடுத்துத் தின்றுவிட்டார்.

சென்னைக்காரருக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. படகைக் கட்டி முடித்ததும் அவராகவே உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். கயிறு அறுத்துச் சிவந்திருந்தது. "அவர் கிளவுஸ் எங்க இருக்கு? அடுத்த வாரத்துக்கு வேணும்."

அண்ணா, நான் உங்களைப் போல ஓட்ட மாட்டேன். இன்னும் எத்தனை கோரையில் போய் நிற்பேனோ தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உங்கள் இடத்தில் உட்கார்ந்து, நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்காமல் போனவரிடம், ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கேட்பேன், போலாமா என்று.

பின்னால் உட்காரப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் தங்கச்சி,
கோதை