உன் கையில் வைத்த துப்பாக்கி

அண்ணா,

நேற்று தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். விறகு நனையாமலிருக்கக் கடைக்காரர் பழைய பேனர் ஒன்றைப் போர்த்தியிருந்தார். அதில் நீ இருந்தாய். தலையில் இரும்புத் தொப்பி, முறுக்கு மீசை, கையில் துப்பாக்கி. முகம் மட்டும் உன்னுடையது. அதையும் வெளுப்பாக்கி, அந்த மீசையை வரைந்திருந்தார்கள்.

நீ இறந்த அன்று காலையில் அந்தப் படத்துக்குச் சரி சொன்னவள் நான்தான். "நீதான் படிச்சவ, போய்ப் பாத்து சொல்லிட்டு வா" என்று அண்ணி அனுப்பியிருந்தாள். "மிலிட்டரின்னா இதுதான்க்கா கெத்து. மூஞ்ச மட்டும் வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார் பேனர் கடைக்காரர்.

என் கைப்பையில் உன் நிஜமான படம் இருந்தது. லங்கர் என்று நீ சொல்லும் பட்டாளத்துச் சமையல் கொட்டகை, வெளியே பனி, பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நீ சிரிக்கிறாய். என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சாவுக்கு வருவதாக இருந்தது. அவர்களிடம் "அண்ணன் மிலிட்டரி" என்பதோடு நிறுத்தியிருந்தேன். படத்தை வெளியே எடுக்கவில்லை. அந்தச் சம்பந்தம் பிறகு வேறு எதற்காகவோ முறிந்தும் போயிற்று.

நீ ஒருநாளும் மறைத்ததில்லை. லீவில் வரும்போதெல்லாம், "இன்னா மிலிட்டரி, எத்தினி பேர சுட்ட?" என்று வம்பிழுப்பார்கள். "சமையக்காரன்டா நானு. உன்ன மாதிரி ஆளுங்கல்லாம் தட்டத் தூக்கினு என் முன்னாடி லைன்ல நிப்பானுங்க" என்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நான் உள்ளே போய்விடுவேன்.

நீ இறந்த அன்று சூலூர்பேட்டையிலிருந்து உன் பட்டாளத்து நண்பர் வந்தார். எல்லையில் காவல் நின்று, வருஷக்கணக்கில் உன் கையால் சாப்பிட்டவர். உன்னை 'உஸ்தாத்', வாத்தியார், என்றே கூப்பிடுவார். உன்னிடமே தமிழ் பேசக் கற்றவர், தமிழ் படிக்கத் தெரியாது. அவர் வாசலுக்கு வந்தபோது, உன்னை எரித்துவிட்டு ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"முனையிலயே பேனர் பாத்தேம்மா. துப்பாக்கி வச்சினு வேற யாரோ ஜவான், நம்ம உஸ்தாத் இல்லன்னு தாண்டிப் போய்ட்டேன். போன் அடிச்சா யாரும் எடுக்கல. ரெண்டு ஊரு சுத்திட்டேன்."

தன் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அதே பனி, அதே அண்டா, அதே கரண்டி. "இந்த மூஞ்சத்தான் தேடினு வந்தேன். கடைசியா ஒரு தபா பாத்திருப்பேன்" என்றார்.

அந்தப் பேனருக்குச் சரி சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அதயே பாக்குறீங்க. தெரிஞ்சவராக்கா?" என்று நேற்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"எங்கண்ணன்."

"பெரிய மிலிட்டரி போல."

"சமையல்காரர்" என்றேன். வெளி ஆளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் பேனரைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்போ துப்பாக்கி எதுக்குக்கா?"

டீயைக் குடித்து முடித்தேன். மழை விடுவதற்குள் கிளம்பிவிட்டேன். உன் படம் இப்போதும் அதே கைப்பையில்தான் இருக்கிறது, அண்ணா. நேற்றும் நான் அதை வெளியே எடுக்கவில்லை.