செல்லக்கிளிக்கு நாங்கள் செய்த ஜெபம்

பாளையங்கோட்டை,
1911 நவம்பர் 20

என் அன்பு மகன் பாக்கியசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், அப்பா, கறவை மாடு உட்பட எல்லாரும் சுகம், கடல் தாண்டி ரங்கூனில் இருக்கிற உன்னையும் அவர் அப்படியே காத்துக்கொள்ளட்டும். மழை பிடித்துக்கொண்டது, ஆற்றில் செந்தண்ணீர் கரைமுட்டப் போகிறது, அப்பாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை. உன் கதையின் நாலாம் நோட்டும் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு நாலு வரி எழுத மூன்று மாதம் எடுக்கிற பிள்ளை, இல்லாத ஒருத்திக்கு நாலு நோட்டு எழுதியிருக்கிறானே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது கோபம் இல்லை. என்ன இருக்கிறதென்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாசித்துப் பார்க்கச் சொல்லி நீ முன்னால் அனுப்பிய மூன்று நோட்டையும் நான் தனியாக வாசிக்கவில்லை. புதன்கிழமைதோறும் நம் வீட்டில் பெண்கள் லேஸ் பின்னக் கூடுவோமே, ஜெபம் முடிந்ததும் அங்கே வைத்துச் சத்தமாக வாசித்தேன். தாய் பேச்சைக் கேளாமல் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன செல்லக்கிளி, அவனும் செத்துப்போய், கைப்பிள்ளையோடு கொட்டுகிற மழையில் தாய் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் என்று மூன்றாம் நோட்டு முடிந்தது பார், பத்துப்பேர் கையிலும் லேஸ் குச்சிகளின் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் வேப்பமரம் நிற்பதாக எழுதியிருக்கிறாய், அந்த இடத்தில் ஏது வேப்பமரம்? ஆனாலும் இப்போது அந்தப் பக்கம் போனால் என் கண் அதைத் தேடுகிறது, இல்லையே என்று எரிச்சல் வருகிறது. எதிர்வீட்டு வேதக்கனி அத்தை ஒன்று கேட்டாள். "கதவுக்கு உள்ள தாய்க்காரி நெனைக்கதும் தெரியுது, வெளிய மவ நெனைக்கதும் தெரியுது, ரெண்டு பக்கமும் நின்னு சொல்லுத இது யாரு மதினி?" என் மகன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த புதன் ஜெபத்தில் வியாதிக்காரர் பேரெல்லாம் சொல்லி முடிந்ததும் அத்தை எழும்பி, "ஆண்டவரே, மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்குத எங்க செல்லக்கிளிக்கு இரங்கும், அந்தத் தாய்க்காரி கல்மனச இளக்கும்" என்று கண்ணீர்விட்டாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள், எல்லாம் உன் கற்பனை என்று தெரிந்த நானும் சொன்னேன். பிறகு, இல்லாதவளுக்கு ஜெபம் பண்ணியது பாவமோ என்று பயந்து அப்பாவிடம் கேட்டேன். "போட்டும், அது எங்கனயாவது போய்ச் சேரும்" என்று பைய சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கேள். நம் ஞானசௌந்தரி சித்தியும் புதன்தோறும் லேஸ் பின்ன வருகிறவள்தான். அவள் மகள் லில்லி, மூன்று வருஷத்துக்கு முன் வீட்டில் கேளாமல் ராதாபுரத்து வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பேரையே எடுக்கக் கூடாது என்று சித்தி சொன்னதால் நான் உனக்கு எழுதவே இல்லை, நீயோ ஐந்து வருஷமாக அங்கே இருக்கிறாய். ஆனால் கதவுக்குள்ளே நிற்கிற தாய் தனக்குள் சொல்லிக்கொள்வதாக நீ எழுதியதெல்லாம் சித்தி தினமும் சொல்லிக்கொள்கிறதாம். "எம் மனசுக்குள்ள கெடக்கது ரங்கூன்ல இருக்கவனுக்கு எப்படி யக்கா தெரிஞ்சுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். லில்லிக்கு இது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு வரட்டுமா அம்மா என்று அவள் போட்ட கடிதம் பதில் இல்லாமல் சித்தியின் வேதப்புத்தகத்துக்குள் கிடந்தது. "கதையில அந்தத் தாய் தொறந்தா நானும் வரச்சொல்லி எழுதுதேன், தொறக்கலைன்னா இல்ல" என்று சொல்லிவிட்டாள், அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

நாலாம் நோட்டு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து முதலில் நானே வாசித்தேன். தாய் திறக்கவில்லை. செல்லக்கிளி பிள்ளையை வாசலில் கிடத்திவிட்டு ஆற்றோடு போய்விட்டாள். படுபாவி, உனக்கு எப்படிக் கை வந்தது! சரி, கதவு திறந்தது என்று மாற்றி வாசித்துவிடுவோம், லில்லிக்காக ஒரு பொய்தானே என்று தீர்மானித்துக்கொண்டுதான் போன புதன் நோட்டை எடுத்தேன். அந்த இடம் வந்தது, வாய் வரவில்லை ஐயா. மூன்று நோட்டு அந்தத் தாயோடு பழகியாயிற்று, அவள் திறக்கிறவள் இல்லை. திறந்தாள் என்று நான் சொன்னால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள், அதிலும் சித்தி நம்பவே மாட்டாள். உள்ளது உள்ளபடி வாசித்தேன். வேதக்கனி அத்தை "இங்கன வரட்டும் அந்தப் பய, காதைத் திருகிப்பிடுதேன்" என்று உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். சித்தி அழவில்லை. மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்த லேஸ் தலையணையைக் கீழே வைத்தாள். "அவ தொறக்காட்டா போறா, நான் தொறக்கேன்" என்று எழுந்தவள்தான், வண்டி பிடித்து மழையோடு மழையாக ராதாபுரம் போய்விட்டாள்.

வண்டியில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, சனிக்கிழமை லில்லியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். நேற்று ஆராதனை முடிந்து பார்க்கப் போனேன். பிள்ளை வெளிறிப்போய்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பிடித்துவிட்டபடியே சித்தி என்னைப் பார்த்து, "யக்கா, அந்தப் பிள்ள செத்ததாலல்லா எம் பிள்ள வீடு வந்து சேந்தா. அவளுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். பிறந்தே இராதவளுக்கு என்ன செய்ய முடியும், நீயே சொல். இரண்டு பேரும் சத்தம் வராமல் அழுதோம்.

முடிவு கொடுமையாயிருந்தால் அச்சுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, ஒரு எழுத்தைத் தொடாதே. கர்த்தர் உன் கையை ஆசீர்வதிப்பாராக, அந்தக் கையை நினைத்தால் பெற்றவள் எனக்கே பயமாகவும் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி, அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது. சித்தி கேட்டதற்கு என்ன பதில் சொல்ல என்றும் எழுது, செல்லக்கிளியைச் சாகவிட்டவன் நீதானே.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும் அம்மா,
இன்பமணி