அண்ணனூர் நடைமேடையில் ஒரு கட்டைவிரல்

அண்ணே,

எட்டு மாதமாக வார் வைத்த செருப்பே போட்டிருந்துவிட்டு, இன்று காலை மறுபடி ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அண்ணனூர் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இடது செருப்பு காலிலேயே இருந்தது. ஆனாலும் மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. இடுப்பு வலியில் உட்கார முடியாமல் கிடந்த நாட்களின் பழக்கம், இதையும் சமையல் மேடையில் தாளை வைத்து நின்றபடியேதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு அதே படியில் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஒரே ரயிலில் வருகிறவர் என்பதைத் தாண்டி உங்களையும் தெரியாது. பின்னாலிருந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தீர்கள். "இன்னா சார், செருப்பு உட்டதுகூடத் தெர்லியா? காலு மரத்துப் போச்சா?" என்றீர்கள். நான் முறைத்தேன். இடுப்பிலிருந்து பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிற வலி. யார் எது கேட்டாலும் எரிச்சல்தான் வரும். மறுநாளும் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இப்போதைக்கு மருந்தும் பயிற்சியும் போதும், ஆனால் மேலே தூக்க வராத அந்த இடது கால் கட்டைவிரல் இன்னும் பலம் இழந்தால் உடனே வரவேண்டும், ஆபரேஷன்தான் என்றார்.

இதை உங்களிடம் சொன்னதிலிருந்து என் விரல் உங்கள் பொறுப்பாகிவிட்டது. தினமும் நடைமேடையில், "தூக்கு சார், பாப்போம்" என்று குனிந்துவிடுவீர்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும். "அண்ணே, என்ன இது, சந்தையில மாடு பாக்குற மாதிரி" என்பேன். "நேத்திக்கு இன்னிக்கு தேவல சார். ஒரு நூல் ஏறிகீது" என்று நிமிர்வீர்கள்.

நிமிரும்போது உங்களுக்கு மூச்சு வாங்கும். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொள்வீர்கள். ஏன் என்று நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. என் கண் முழுக்க என் விரல்மேல்தான் இருந்தது. பிறகு மூன்று நாள் நீங்கள் வரவில்லை. லீவு போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். நான்காம் நாள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நடைமேடையில் என்னைத் தேடி வந்து சொன்னார், நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள் என்று. என்னை டாக்டரிடம் துரத்திய உங்களை நான் துரத்தவில்லையே, அண்ணே. நினைக்கும்போதெல்லாம் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

விரல் இப்போது நன்றாகவே மேலே வருகிறது. இன்று நடைமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூக்கிப் பார்த்தேன். குனிந்து பார்க்க ஆள் இல்லை.

அப்போது நம் ரயிலில் வருகிற ஒருவர், பெயர் தெரியாது, படியிறங்கி வந்து அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சார், இப்படி மூச்சு வாங்குது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன். "உன் வேலயப் பாத்துகினு போய்யா" என்று முறைத்தார்.

நாளைக்கும் கேட்பேன்.