காலையில் யார் கொடுத்தார்களோ அவர்கள் கையில்

மாடி வீட்டுப் பெண் இன்று காலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அச்சு மை வாசனை இன்னும் போகாத தாள். தன் வீட்டு முன்னறையில் பிள்ளைகள் காப்பகம் ஆரம்பிக்கப் போகிறாளாம். வேலைக்குப் போகிற அம்மாக்களிடம் கொடுக்க விதிமுறைகள் எழுதியிருக்கிறாளாம். "நீங்க அந்தக் காலத்துலயே இதெல்லாம் செஞ்சவங்களாமே, படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன். பதினான்கு விதிகள். 'பதிவு செய்த பெற்றோரிடம் மட்டுமே குழந்தை ஒப்படைக்கப்படும்' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டாள். பெரிய கதை, உன் அடுப்பில் பால் பொங்கிவிடும், போ என்று அனுப்பிவிட்டேன். இந்தக் கதையை உன்னோடு பேசினால்தான் எனக்கு ருசிக்கும். நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது என்பதற்காக நான் பேச்சை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தாயா?

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க நாம் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப் போகிறது!

திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் உன் வீடு முதலாவது, என் வீடு இரண்டாவது. யுத்தம் முடிந்தும் அரிசிக்கும் துணிக்கும் கண்ட்ரோல் முடியாத காலம். உன் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை எண்ணும் கிளார்க். என் வீட்டுக்காரர் தீப்பெட்டிக் கம்பெனியில். சந்தில் பாதிப் பெண்களும் அதே கம்பெனிக்குத்தான் போனார்கள். கைக்குழந்தைக்குக் கடுகளவு அபின் கொடுத்துத் தூங்கப் பண்ணி, கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் வேறு வழியில்லை. ஒரு நாள் எதிர்வீட்டுக் குழந்தையின் சத்தமே கேட்கவில்லை என்று நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அதைத் தூக்கி வந்தாய். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கடைசியில் அது வீலென்று கத்தியபோது, "கத்துடா ராஜா, நல்லா கத்து" என்று நீ அழுதுகொண்டே சிரித்தாய். சாயங்காலம் அதன் தாய் வந்ததும், "நாளைலேர்ந்து என் வூட்ல வுட்டுட்டுப் போ. ஆனா அபின் குடுத்தா வாசப்படி ஏத்தமாட்டேன்" என்றாய்.

"அழுவுமேக்கா" என்றாள் அவள்.

"அழுவட்டும். அழுதா உசுரோட கீதுன்னு தெரியுமில்ல?"

அதுதான் நம் முதல் விதி. ஒரே மாதத்தில் உன் நூரையும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள் ஆகிவிட்டன. எனக்கு அப்போது பிள்ளையும் இல்லை, வேலையும் இல்லை. வம்பு பேச ஆள் தேடி உன் வீட்டுக்கு வந்தவள், இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக அங்கேயே நின்றுவிட்டேன்.

தொல்லை ஒவ்வொன்றாக வர வர விதியும் ஒவ்வொன்றாக வந்தது. கம்பெனியில் இரண்டாம் சங்கு ஊதுவதற்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டும். காய்ச்சல் என்றால் மறைக்கக் கூடாது. எழுதி வைக்க அப்போது நமக்கும் எழுத்துத் தெரியாது, நான் படிக்கக் கற்றதெல்லாம் பிறகு நூரின் பாடப் புத்தகத்தில்தான். படிக்க அவர்களுக்கும் தெரியாது. அதனால் நீ அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் படம் போட்டாய். சங்கு என்று நீ போட்டது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. "இன்னாக்கா, இன்னிக்குக் கத்திரிக்கா கொழம்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொருத்தியும் வேலைக்கு ஓடுவாள்.

புதிதாக வந்த ஒருத்தி, "கஞ்சி யாரு காச்சறீங்க?" என்று இழுத்தாள். முஸ்லிம் வீட்டுக் கஞ்சியா என்றுதான் கேட்கிறாள் என்பது நம் இருவருக்குமே புரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. உனக்குக் கோபமே வரவில்லை. "ஒரு நாளு நானு, ஒரு நாளு வள்ளி. என் கஞ்சி ஆவாதுன்னா உன் புள்ள ஒரு நாளு வுட்டு ஒரு நாளு பட்டினி கெடக்கட்டும்" என்றாய். அவள் பிள்ளைதான் பிறகு இரண்டாம் குவளை கேட்டுத் தரையில் புரண்டது, அதுவும் உன் முறை வரும் நாட்களில். என் கஞ்சியை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆனால் நம் சட்டத்திலேயே பெரிய சட்டம் நான் கண்டுபிடித்தது. ஓவர்டைம் நாட்களில் தாய்க்குப் பதில் அவள் அக்காளோ தங்கையோ வருவார்கள். முகம் தெரியாதவரிடம் பிள்ளையை எப்படிக் கொடுப்பது? தாய் தன் புடவைக் கரையில் ஒரு முழம் கிழித்து அதை இரண்டாக்க வேண்டும். ஒரு பாதி பிள்ளையின் அரைஞாணில், மறுபாதி தாயின் முந்தானை முடிச்சில். யார் வந்தாலும் பாதியைக் காட்டினால்தான் பிள்ளை. "துண்டக் காட்டு, புள்ளய வாங்கு" என்று தினம் வாசலில் நின்று கூவுவேன். சந்தில் எனக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பொங்கலுக்கு முன்னால் கண்ட்ரோல் கடையில் புடவை வந்தது ஞாபகமிருக்கிறதா? வெள்ளைப் புடவை, நீலக் கரை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கார்டு வைத்திருந்த வீட்டுக்கெல்லாம் அதே புடவைதான். அந்த வாரம் பார்த்து எனக்குச் சுத்தம் பிடித்துக்கொண்டது. பழைய துண்டெல்லாம் கஞ்சியும் சளியும் பட்டு அழுக்கேறிவிட்டது, பண்டிகைக்குப் புதிதாகக் கட்டுங்கள் என்று உத்தரவு போட்டேன். எட்டு அரைஞாணிலும் எட்டு நீலத் துண்டு. வரிசையாக நிறுத்தி அழகு பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணாவே கீதேடி" என்றாய் நீ.

"நமக்குத்தான் மூஞ்சி தெரியுமே" என்றேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீயும் விட்டுவிட்டாய். என்னை நம்பி நீ செய்த ஒரே தவறு அது.

அந்த எட்டில் ஒருவன் மணி, ஒன்றரை வயசு. அவன் தாய் செல்லம்மா புருஷனின் அடி தாங்காமல் எண்ணூரிலிருந்து வந்து சந்துக் கோடியில் ஒற்றை அறையில் இருந்தாள். மருமகள் எப்படியோ போகட்டும், பேரன் மட்டும் வேண்டும் என்று மாமியார் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். மணியை முதல் நாள் விடும்போதே செல்லம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குன்னு இவன் ஒருத்தன்தான் கீறான்க்கா. எண்ணூர்லேர்ந்து யாரு வந்தாலும் குடுத்துடாதீங்க." பக்கத்தில் நின்று தலையை ஆட்டியவள் நான்தான்.

பொங்கல் போய் ஒரு வாரம் இருக்கும். கேழ்வரகு போடுகிறார்கள் என்று நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். சிரித்த முகமாக ஒரு கிழவி வந்தாள். செல்லம்மாவுக்குச் சித்தி என்றாள், இன்று ஓவர்டைம், பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னாள் என்றாள். நான் கேட்பதற்கு முன்பே முந்தானையை அவிழ்த்து நீலத் துண்டைக் காட்டினாள். நான் தினம் கூவிய கூவலுக்கு எண்ணூரிலேயே கேட்டிருக்கும், அவளுக்கா தெரியாது? துண்டை மணியின் அரைஞாணோடு ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியது. எந்தத் துண்டுதான் ஒட்டாது? மாற்றுத் துணியை மடித்துக் கொடுத்து, வெயிலாக இருக்கிறது, தலையில் துணி போடுங்கள் என்று புத்தியும் சொல்லி அனுப்பினேன்.

நீ கேழ்வரகு மூட்டையை இறக்கிவைத்ததும் தலைகளை எண்ணினாய். "மணி எங்கடி?" சொன்னேன். "செல்லம்மாக்குச் சித்தி ஏதுடி?" என்றாய். வந்தது எண்ணூர் மாமியார்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எண்ணூர் பாசஞ்சருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒருத்தி ஓடலாம் என்றால் என்னை ஓடவிட உனக்கு நம்பிக்கை இல்லை, என்னிடம் ஏழு பிள்ளைகளை விட்டுப்போகவும் அன்றைக்கு நம்பிக்கை இல்லை. அது நியாயம்தான். அதனால் ஊர்வலமாகப் போனோம். உன் இடுப்பில் ஒன்று, என் இடுப்பில் ஒன்று, மற்ற ஐந்தும் உன் வெள்ளைத் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டம். வழியில் ஒருவன் நின்று, எந்த ஸ்கூலம்மா இது என்று கேட்டான். எனக்கு அழுகை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ரயிலடியில் கிழவி பெஞ்சில் உட்கார்ந்து மணிக்குப் பொரி உருண்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். "புள்ளய குடும்மா" என்றாய்.

"எம் மவன் பெத்த புள்ள. நடுவுல உனக்கு இன்னா வந்துச்சு?"

கூட்டம் கூடியது. அப்பனைப் பெற்றவளுக்கு இல்லாத உரிமையா என்று அவள் பக்கம்தான் பேசினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. நான் அவளோடு கட்டிப்புரளத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகினேன். நீ அவளைப் பார்க்கவே இல்லை. நம் பிள்ளைகள் பக்கம் திரும்பி, தினமும் கஞ்சிக்கு முன்னால் சொல்கிற அதே குரலில் சொன்னாய்: "எல்லாம் குந்து. கையக் காட்டு."

ஏழும் பிளாட்பாரத்தில் வரிசையாக உட்கார்ந்து, கழுவின கையைக் காட்டுவதுபோல உள்ளங்கையை விரித்தன. மணி நிமிர்ந்து பார்த்தான். கிழவி மடியிலிருந்து சறுக்கி இறங்கி, தத்தித் தத்தி வந்து, நூர் பக்கத்தில் காலியாக இருந்த தன் இடத்தில் உட்கார்ந்து கையை விரித்தான். பொரி உருண்டை உருண்டு ஓடியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவிக்கே சிரிப்பில் வாய் கோணிவிட்டது.

அவனை வாரிக்கொண்டு நீ ஓடவில்லை. கிழவி பக்கத்தில் உட்கார்ந்தாய். "உன் பேரன் இல்லன்னு நான் சொல்லல. காலைல யாரு குடுத்தாங்களோ அவங்க கைல குடுக்கணும் நானு. அப்பால நீயாச்சு, உன் மருமவளாச்சு. நீயும் வா, சங்கு ஊதற வரிக்கும் எங்க வூட்ல குந்து." பாசஞ்சர் வந்து நின்று போய்விட்டது. கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்மோடு நடந்தாள். திரும்பி வரும்போது ஒரு பிள்ளையை அவள்தான் தூக்கி வந்தாள்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. நான் கொடுத்துவிட்டேன் என்று தெரிந்தால் செல்லம்மா சும்மா இருப்பாளா? சந்தில் யார் இனி நம்மிடம் பிள்ளையை விடுவார்கள்? கிழவி பேரனைப் பார்க்க வந்தாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம் என்று உன் காதைக் கடித்தேன். கிழவிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. அவளுக்கும் அதுதானே சௌகரியம்!

"இன்னா துன்னான், எப்ப தூங்கினான்னு தெனம் சொல்றோமில்ல? இத்தையும் சொல்லு. நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு" என்றாய்.

சொன்னேன். சங்கு ஊதி, தீக்குச்சி மருந்து வாசனையோடு செல்லம்மா படியேறியதும், மூச்சுவிடாமல் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மாமியாரிடம் மட்டும், "ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போ. தூக்கினு போவ நெனைக்காத" என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. இன்னும் இரண்டு பேரும் வரவில்லை. நீ எட்டுப் பேருக்கும் கஞ்சி காய்ச்சினாய். குறைத்துக் காய்ச்சேன் என்று நான் கெஞ்சினேன். உன்னை ஏறிட்டுப் பார்க்கவே எனக்கு வெட்கம். மூன்று நாள் மீந்த கஞ்சியை நான்தான் குடித்தேன், தண்டனை மாதிரி.

நாலாம் நாள் இரண்டாம் சங்குக்கு முன்னால் செல்லம்மா வந்தாள். மணியை நேராக என் இடுப்பில் வைத்தாள். உன்னிடம் இல்லை, என்னிடம். "பக்கத்துத் தெருவுல வுட்டேன்க்கா. சாயங்காலம் கேட்டா எல்லாம் நல்லாத்தான் கீதுன்றாங்க. மூணு நாளும் அதே பேச்சு. எனக்கு பயமாப் பூடுச்சு. நீங்கன்னா சொல்லிடுவீங்க" என்றாள். சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள். நான் மணியை வைத்துக்கொண்டு அழுத அழுகையில் அவனும் சேர்ந்து அழுதான்.

அன்றைக்கே எல்லாத் துண்டுகளையும் அவிழ்த்து அடுப்பில் போட்டோம். காலையில் கொடுத்தவர் கையில்தான் பிள்ளை, எத்தனை நேரமானாலும் சரி. அன்று நடந்ததை ஒளிக்காமல் சொல்லித்தான் ஒப்படைப்பது, தவறு நம்முடையதானாலும். அதற்கு நீ சுவரில் திறந்த வாய் ஒன்று போட்டாய், பல்லெல்லாம் தெரிய. யார் இது என்று கேட்டவர்களிடமெல்லாம் வள்ளி என்றாய். எனக்கு அப்படிப் பல் இல்லை என்று பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டும் அதை நீ அழிக்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்தன, சந்தும் மாறிவிட்டது, சுவரும் இப்போது இல்லை. பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. கடைசியில் நீ படுக்கையில் விழுந்ததும், எம்.கே.பி. நகரில் நூர் வீட்டுக்குத் தினம் காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவேன். நூர் உன்னை என்னிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போவாள். "என்னையே புள்ளக் காப்பகத்துல வுட்டுட்டாளேடி" என்று நீ சிரிப்பாய். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும்போதே நான் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்தக் கடைசி நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்ல, நூர் ஓடிவந்தாள். அதற்குள் வந்து உட்கார்ந்தவர்கள், கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்திலேயே இருந்தீர்களே, உங்கள் கையைப் பிடித்தபடி போயிருக்கிறாள், கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே கதையாகியிருக்கும். நூர் வந்து என் எதிரில் நின்றாள். அவள்தானே காலையில் உன்னைக் கொடுத்துவிட்டுப் போனவள்?

"காலைல அரை டம்ளர் கஞ்சி குடிச்சா. உப்பே இல்லன்னு என்னை ஏசினா. பதினோரு மணிக்கு ஜன்னல தொறக்கச் சொன்னா. மூணு மணிக்குத் தூங்கினா. நானும் நாற்காலிலயே கண்ணசந்துட்டேன் நூரு. எப்ப போனான்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல" என்றேன்.

நூர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உப்பு இல்லன்னு ஏசினாங்களா சின்னம்மா?" என்று கேட்டாள்.

"ஏசினா. நல்லா ஏசினா" என்றேன்.