ரத்தசோகை என்று சொல்லிவைத்தேன்

இல்லை ரஃபல், ஜலதோஷம் இல்லை, அன்று போனில் உனக்குக் கேட்டது என் அழுகைதான். அமைதி உன்மேல் இருக்கட்டும் கண்ணு, அந்தக் குளிர் ஊரில் உன் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. இங்கே அப்பா நலம், நான் நலம். யமானுக்கும் சேர்த்து அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அவன் என் மடியை விட்டு இறங்குவதில்லை, ஐந்து வயதுக் காதுக்கு எல்லாம் கேட்கிறது. உன் தோழி ரீஹாம் வியாழக்கிழமை கிளம்புகிறாள், அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். தெருவுக்குத் தெரியாது. இங்கே யாரும் அதற்குப் பெயர் சொல்வதில்லையே, "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்தி, தங்களுக்கு வந்துவிடக் கூடாதென்று மடியில் துப்பிக்கொள்வார்கள். அப்பாவும் "எங்க அம்மா செத்தப்பகூட அதுக்குப் பேர் சொல்லல, இப்ப எதுக்கு?" என்றார். நான் படித்தவள், பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள், ரத்தசோகை என்று சொல்லிவைத்தேன். உன்னையும் நினைத்தேன். ரத்தத்திலேயே நோய் ஓடுகிற குடும்பம் என்று நாளை உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் யாராவது சொல்வார்கள் என்று பயந்தேன். முடி கொட்டியபோது மொட்டை போட்டு, பேன் என்றேன். மேல்வீட்டு ஸமீரின் அம்மா, நம் உம் ஸமீர், விழுந்து விழுந்து சிரித்தாள். "டீச்சரம்மா வீட்டுலயே பேனா! அப்ப எங்க தலைல ஆடு மாடே மேயும்டி" என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. ரத்தசோகைக்கு ஈரல் நல்லது என்று நோன்பு தொடங்கிய இரண்டாம் நாள் வறுத்து எடுத்து வந்தாள், மகள் துஹாவும் கூட வந்தது. துஹாவும் யமானும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். நான்கு மாதத்தில் அவன் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நின்று கத்துகிறாள், "ஏய் ஸாஜிதா, துஹாவுக்கு அம்மை போட்டிருக்குடி! உன் பையனையும் அனுப்பு, சேர்ந்து படுத்துக் கிடக்கட்டும், ஒரேயடியா முடிஞ்சிரும்!" அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை. உனக்கு ஆறு வயதில் நானே அப்படித்தான் செய்தேன், உன் சித்தி பிள்ளைகளோடு உன்னை ஒரே பாயில் போட்டேன். எல்லாரும் செய்வதுதான். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிற பிள்ளைகளுக்குச் செய்வது.

அன்றே மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டரம்மா கேட்டார், "அக்கம்பக்கத்துல சொல்லி வைக்கலையா? அம்மை, காய்ச்சல் இருக்கிற பிள்ளைங்கள உள்ள விடாதீங்கன்னு முதல் நாளே சொன்னேனே." ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தடுப்பு ஊசி இங்கே இல்லை, அப்பா பாக்தாத் போய் வாங்கி வந்தார், யமானுக்குப் போட்டுவிட்டார்கள். ஊசி அம்மையைத் தடுக்கலாம், தடுக்காமலும் போகலாம், வந்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள். இருபத்தெட்டு நாள் பார்க்க வேண்டுமாம். புற்றுநோய் மருந்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு பயத்துக்காக இன்னொரு பயத்தைக் காக்க வைத்திருக்கிறோம்.

துஹா வந்துபோய் இன்று பதினோராம் நாள். காலையில் ஜன்னலோரம் நிற்க வைத்து வயிறு, முதுகு, காதுக்குப் பின்னால், மொட்டைத் தலை எல்லாம் பார்க்கிறேன். "என்னம்மா, எறும்பு தேடுறியா?" என்கிறான். ஆமாம் என்கிறேன். கொசுக்கடி ஒன்று இருந்தது, அது கொசுக்கடிதான் என்று தெரிய அரை நாள் ஆனது. அந்த அரை நாள் நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

இப்போது ரமலான் பாதிக்கு வந்துவிட்டது. நாளை நோன்பு திறந்ததும் தெருப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, வீடு வீடாக மிட்டாய்க்கு வருவார்கள். உனக்குத்தான் தெரியுமே, நீ இரண்டு பை கொண்டுபோவாய். எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கொப்புளம் வந்திருக்கிறது என்று கேள்வி. கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை தட்டுவார்கள், யமான் உள்ளிருந்து குரல் கொடுப்பான். ஊருக்குப் போய்விட்டோம் என்று அப்பா சொல்லச் சொல்கிறார். இன்னொரு பொய். எனக்குப் பொய் தீர்ந்துவிட்டது, ரஃபல். உன்னைக் கேட்காமல் முடிவு செய்வதற்கு மன்னித்துவிடு. இதைச் சொல்வதால் உனக்கு வராமல் போகிற மாப்பிள்ளை வராமலே போகட்டும்.

நீ கிளம்பி வராதே, பரீட்சையை முடி. வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே. யமானிடம் பேசும்போது துஹாவைப் பற்றிக் கேட்காதே, அவளைத் தேடி அழுகிறான். என் ஆயுளிலிருந்து எடுத்து இறைவன் உங்கள் இருவருக்கும் கொடுக்கட்டும். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தம்பியின் பெயரைச் சொல், மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஸாஜிதா
பஸ்ரா

கையெழுத்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன். யமானை அப்பாவிடம் விட்டுவிட்டு மேலே போனேன். உம் ஸமீர் மாவுக் கையோடு வந்து திறந்தாள். நோயின் பெயரைச் சொன்னேன், தாழ்த்தாமல். அவள் மடியில் துப்பவில்லை, அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான் படியிறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.