ஒரு சிட்டிகை உப்பு

பெல்ஸ் ஓடை, டாஸ்மேனியா
பிப்ரவரி 19

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். சப்போரோவில் முழங்கால் அளவு பனி என்றும், நீ நன்றாக இருக்கிறாய் என்றும் அம்மா சொன்னாள். அது ஒன்றுதான் இப்போது காதுக்கு நல்ல சேதி. போன் பண்ணும்போதெல்லாம் நான் பேசாமல் அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன் என்று குறைப்பட்டுக்கொண்டாயாம். புகையில் தொண்டை கட்டிவிட்டது என்று அவள் சமாதானம் சொல்லியிருக்கிறாள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை கண்ணு. உன் குரலைக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் பேசவில்லை. காகிதத்தில் என்றால் ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தீ வந்துபோய் இன்றோடு பத்தொன்பது நாள். நம் வீடு தப்பியது உனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் கிளைவ் வீட்டில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அதற்கும் கீழே இன்னும் நான்கு வீடுகள் போய்விட்டன. அவன் மனைவி மெர்ல் கோழிக்கூண்டைத் திறந்துவிட ஓடி, நெருப்பில் பழுக்கக் காய்ந்திருந்த இரும்புத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். விரல்கள் இனி முழுசாக மடங்காது என்று ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உனக்கு முதல் முடி வெட்டிய கை அது. இந்த ஊரில் பாதித் தலை அவள் கத்திரிக்குக் கீழே குனிந்த தலைதான். அவளை நான்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தேன் என்று அம்மா உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருப்பாள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. ரொட்டி சுட்டுக் கொண்டுவருகிறார்கள், முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். அந்த ரொட்டியை நான் தொடுவதில்லை.

நீ அனுப்பிய ஆறு காலி காபி டின்களும் தீக்கு முந்தின வாரம்தான் வந்து சேர்ந்தன. திருகு மூடி போட்ட ஜப்பான் டின்னைப் போல இங்கே கிடைக்காது, சுவர் தடிமன், மலையேறுகிறவர்கள் பையில் கொண்டுபோகும் என் குட்டி ஸ்பிரிட் அடுப்புக்கென்றே செய்த மாதிரி இருக்கும். புத்தகத்தின் பக்கங்களுக்கிடையே பிளேடைச் செருகி, டின்னை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கோடு போட்டு அறுத்தேன். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, குண்டூசியால் பதினாறு துளை போட்டு, அடிப்பாகத்தை மேல்பாகத்துக்குள் இறுக்கினேன். தராசில் வைத்தால் பதினொரு கிராம். முப்பது வருஷமாகச் செய்கிறேன், இவ்வளவு நேர்த்தியாக ஒன்று அமைந்ததில்லை. பீர் டின்னை அறுத்துச் செய்த பாத்திரத்தோடு சேர்த்தால்கூட ஒரு கோழிமுட்டை எடை வராது. அரை லிட்டர் தண்ணீரை ஆறு நிமிஷத்துக்குள் கொதிக்கவைக்குமா என்று பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை ரேடியோவில் எங்கும் தீ மூட்டக் கூடாது என்று தடை சொன்னார்கள். கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டுவிட்டுத்தான் ரேடியோவை அணைத்தேன். மூன்று கரண்டி ஸ்பிரிட், அது தீயா என்று நினைத்துக்கொண்டேன். எடை குறைவு, எடை குறைவு என்றே வாழ்ந்தவனுக்கு எல்லாமே லேசாகத்தான் தெரிகிறது.

உப்பு போடாமல் ஏற்றாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்கே தெரியாது, ஒரு சிட்டிகை உப்பு அடியில் கிடந்தால் மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும் என்று கண்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். அன்று போடவில்லை. உப்பு துளையை அடைக்கும், சுத்தமான கணக்கு வேண்டும் என்று விட்டுவிட்டேன். புல்வெளியில் அந்தப் பழைய மரக்கட்டை மேல் அடுப்பை வைத்தேன். நான்காவது நிமிஷம் ஒரு காற்று வீசியது, பாத்திரத்தில் சத்தம் அடங்கியது. குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்த்தேன். அணையவில்லை ரோவேனா. நெருப்பு பாட்டிலுக்குள் ஏறியது, கை சுட்டது, பாட்டிலை வீசிவிட்டேன், காய்ந்த புல் பற்றிக்கொண்டது. பூட்ஸால் மிதித்தேன், சட்டையைக் கழற்றி அடித்தேன். காற்று எனக்கு முதுகுப் பக்கம், நம் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. அதனால்தான் நம் வீடு தப்பியது. அதனால்தான் கிளைவ் வீடு போனது.

அந்தக் காலையில் கிளைவ் டிராக்டரில் புல்வெட்டியை மாட்டி வேலியோரம் வெட்டிக்கொண்டிருந்தான். தகடு கல்லில் பட்டுப் பொறி பறந்ததாம். முடித்துவிட்டு வீட்டுக்குள் போய் டீ குடித்திருக்கிறான், அரை மணி நேரத்தில் புகை. தீயை வைத்தது தான்தான் என்று அவன் நம்புகிறான். போலீஸிடம் யாரும் கேட்காமலே சொல்லிவிட்டான். அவர்கள் என்னையும் கேட்டார்கள். சமையலறை ஜன்னலிலிருந்து புகையைப் பார்த்தேன் என்றேன். பக்கத்தில் நின்ற கிளைவ், ‘என் வேலிப் பக்கந்தானேடா கிளம்புச்சு லின்’ என்றான். நான் தலையை ஆட்டினேன். என் அறுபத்தெட்டு வருஷத்தில் என்னென்னவோ செய்திருக்கிறேன், அந்தத் தலையாட்டலைப் போல ஒன்றைச் செய்ததில்லை. கட்டை இரண்டு நாள் எரிந்து அடங்கிய பிறகு சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். உன் டின் உருகி ஒரு கோலிக்குண்டு அளவு உருண்டையாகக் கிடந்தது. பழக்க தோஷம், அதையும் தராசில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று முன்தினம் கால்பந்து கிளப் கூடத்துக்குப் போனேன், வீடு இழந்தவர்களெல்லாம் அங்கேதான் கட்டில் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். கிளைவ் பத்து வயது கூடினவனாகத் தெரிந்தான், சவரம் செய்யவில்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம், என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். ‘மெர்ல் என்னை ஒரு வார்த்தை திட்டமாட்டேங்கிறாடா, திட்டினாலாவது தூங்குவேன்’ என்றான். வெள்ளிக்கிழமை விசாரணையில் சத்தியம் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறானாம். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்துக் கொடுத்தான். கூடத்தில் எல்லாரும் குடித்துப் போட்ட டின்களைப் பொறுக்கி, நசுங்காததாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்துச் சேர்த்திருக்கிறான். ‘உன் பட்டறைச் சாமானெல்லாம் புகையில போயிருக்குமே. இந்தா, கிறுக்கா, மறுபடி ஆரம்பி. நமக்குள்ள ஒருத்தனாவது உருப்படியா ஏதாவது செய்யணும்ல’ என்றான். இருபத்து மூன்று டின் இருந்தது. வாங்கிக்கொண்டேன். அவனிடம் சொல்லவேண்டியது அத்தனையும் வாய்வரை வந்தது, நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பையை மேசைமேல் வைத்தேன். அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, ‘அன்னிக்கு உப்பு டப்பா அலமாரியிலயே இருந்துச்சு லிண்ட்சே. உன் புது அடுப்பை மட்டும் காணோம்’ என்றாள். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். ‘அன்னிலேருந்துதான். நீயாச் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். நீயும் சொல்லலை, நானும் கேட்கலை. அந்த மனுஷன் மட்டும் அங்க வெந்துக்கிட்டிருக்கான்’ என்றாள். பிறகு கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை.

இன்று போய்க் கிளைவிடம் சொல்லப் போகிறேன், முதலில் அவனிடம், அப்புறம் போலீஸிடம். இந்தக் கடிதத்தை வழியிலேயே தபாலில் போட்டுவிடுவேன், பெட்டிக்குள் விழுந்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது. அவன் மன்னிப்பான் என்று நான் நினைக்கவில்லை. கேட்கவும் போவதில்லை. எதைச் சொன்னாலும் மெர்லுடைய விரல் மடங்கப் போவதில்லை. என்னைச் சிறையில் வைப்பார்களா என்று தெரியாது, வைத்தால் அது எனக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. இந்த ஊரில் இனி அம்மா கடைக்குப் போகும்போது யாராவது அவளோடு பேசுவார்களா என்பதுதான் நெஞ்சை அரிக்கிறது. நீ அவசரப்பட்டுப் புறப்பட்டு வராதே. அவளைத் தினமும் போனில் கூப்பிடு, அது போதும். டின் நான் அனுப்பியதுதானே என்று நீ உன்னைப் போட்டு வதைத்துக்கொள்ளாதே. நீ அனுப்பியது வெறும் டின்தான் கண்ணு. அதில் துளை போட்டது நான், ரேடியோவை அணைத்தது நான், தலையை ஆட்டியதும் நான்.

போன வருஷம் உனக்கு அனுப்பிய இரண்டு அடுப்புகளும் உன்னிடம் இருக்கும். தூக்கிப் போடு என்று சொல்ல வாய் வருகிறது, மனசு வரவில்லை, நீ மலைக்குப் போகும்போது அதில் டீ போட்டுப் படம் அனுப்புவாயே. ஆனால் உப்பு போடாமல் ஏற்றாதே. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அணைந்துவிட்டது என்று எதையும் நம்பாதே. டின் இனி அனுப்பவேண்டாம். நீ நோய்நொடி இல்லாமல், செய்ததைச் செய்தேன் என்று அன்றைக்கே சொல்லும் தைரியத்தோடு நீண்ட நாள் இருக்கவேண்டும், உன் அப்பனைப் போல் பத்தொன்பது நாள் தள்ளிப்போடாமல்.

அம்மா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிளைவின் துணிப்பையை மடியில் வைத்திருக்கிறாள், அதை அவனிடமே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

என்றும் உன்
அப்பா
லிண்ட்சே பைபஸ்